வாரம் பத்து வாக்கியங்கள்

சென்ற மாதம் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்திருக்கும் ஆங்கில ஆசிரியர் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, வினைச்சொற்களின் இரண்டு பட்டியல்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். தெருவில் இறங்கியவர் தாளைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"சார், எல்லா வினைக்கும் பக்கத்துல ஒரு உதாரண வாக்கியம் எழுதியிருக்கீங்க. வலப்பக்கத்துல 'ஹோப்'புக்கு மட்டும் விட்டுப்போச்சுங்களே."

விட்டுப்போகவில்லை, விட்டு வைத்திருக்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். பிறகு சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். வாயால் சொல்லக்கூடியதாக அது இல்லை. அவருக்கும், நோட்டுப் புத்தகம் திருத்துகிற மற்றவர்களுக்குமாக எழுதி வைக்கிறேன். என் நாட்குறிப்புகளும் பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டும் எதிரில் இருக்கின்றன. சரிபார்க்க முடிந்ததையெல்லாம் சரிபார்த்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டியல்கள். ஆங்கிலத்தில் ஒரு வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால், இரண்டாவது வினை கடைசியில் 'இங்' ஏற்குமா, முன்னால் 'டு' ஏற்குமா என்பதை முதல் வினைதான் தீர்மானிக்கும். 'எஞ்சாய்' என்றால் 'ரீடிங்' என்று வர வேண்டும். 'ஹோப்' என்றால் 'டு ரீட்'. ஏன் என்று கேட்டால் அப்படித்தான் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியாது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்த எங்கள் திருத்தணி மாணவர்களுக்கு இரண்டு மொழியிலும் இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே இங்கேதான் மதிப்பெண் போகும். 'இங்' ஏற்கும் வினைகளை இடப்பக்கத்திலும் 'டு' ஏற்கும் வினைகளை வலப்பக்கத்திலும் எழுதி மனப்பாடம் செய்ய வைப்பேன். சில வினைகள் இரண்டு பக்கமும் போகும். அவற்றைத் தேர்வு முடியும்வரை யாரிடமும் சொல்வதில்லை.

பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சென்னையில் இரண்டு வருடம் இருந்தேன். குரலை எழுப்பாமல் வகுப்பை அடக்கவும் கரும்பலகையில் நேர்க்கோடு போடவும் கற்றுக்கொண்டேன். தொழிலை எனக்குக் கற்பித்தவர் எங்கள் தலைமையாசிரியர். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. வாரம் ஒருமுறை, நான் திருத்திய நோட்டுகளில் ஐந்தை எடுத்துவரச் சொல்லிப் பார்ப்பார். பென்சிலைக் கூராகச் சீவிக்கொள்வார். நான் கவனிக்காமல் விட்ட தவறு இருந்தால், அந்த வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார். என்ன தவறு என்று எழுத மாட்டார். நோட்டை என் பக்கம் திருப்பிவைத்து, "பாருங்க" என்பார். நான் கண்டுபிடிக்கும்வரை பென்சிலைக் கையில் பிடித்தபடி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை முக்கால் மணி நேரம் அப்படி இருந்தார்.

அந்தப் புள்ளியை நானும் எடுத்துக்கொண்டேன். மாணவர்களின் தவறுகளை அடித்து எழுதாமல், ஓரத்தில் சிவப்பு மையில் புள்ளி மட்டும் வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். தவறை அவர்களே தேட வேண்டும். இது நல்ல முறை என்றே இன்றும் நினைக்கிறேன்.

அவரிடம் கற்றது இன்னொன்றும் உண்டு. நான் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, நான்காம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், படித்த பையன் ஒருவன் 'எஞ்சாய்' என்ற சொல்லுக்கு, 'எங்கள் தலைமையாசிரியர் பையன்களை அடிப்பதை ரசிக்கிறார்' என்று வாக்கியம் எழுதியிருந்தான். பிரம்படி வாங்கித் தருவதென்ற முடிவோடு நோட்டை எடுத்துப்போனேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"எஞ்சாய்க்கு அப்புறம் பீட்டிங். சரிதானே?"

"சரிதாங்க. ஆனா தங்களைப் பத்தி..."

"மார்க் குடுங்க. வாக்கியம் நெஜமா பொய்யான்னு பாக்கறது நம்ம வேலை இல்ல. சரியா தப்பான்னு பாருங்க. உதாரண வாக்கியத்துக்குச் சொந்தக்காரன் கெடையாது."

மார்க் கொடுத்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தை அன்றைய நாட்குறிப்பில் அடிக்கோடிட்டு எழுதினேன். பல வருடம் அதன்படியே நடந்தேன். ஆயிரக்கணக்கான நோட்டுகளில் ராமன் பழம் தின்பதை ரசித்தான், சீதா பாட விரும்பினாள், கோபால் பள்ளிக்குப் போவதைத் தவிர்த்தான். அவர்களில் யாரும் எங்கும் வசிக்கவில்லை.

இனி தனபாக்கியம் விஷயம்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஒரு வருடம், தை மாதத்தில், அம்மையார்குப்பம் பெண்கள் ஆரம்பப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்த ஒரு பெண் என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தாள். துணைக்கு அந்தப் பள்ளி ஆயா வந்திருந்தாள். வயது முப்பது இருக்கும். நெசவு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் இறந்து நான்கு வருடம். பிள்ளை இல்லை. கணவனின் அண்ணன் வீட்டில் இருந்தாள். தனியாகப் படித்துத் தேர்வு எழுதி, மற்ற பாடங்களில் எல்லாம் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு முறை தவறியிருந்தாள்.

"இந்த ஒரு பேப்பர் வந்துட்டா டிரெயினிங்குக்கு எடுத்துக்குவாங்க சார். ஆஸ்டல்லியே இருக்கலாம். அந்த ஊட்ட வுட்டு வெளிய வந்துடுவேன். இல்லன்னா பள்ளிக்கூடத்துலயும் நிறுத்திடுவாங்க, ஊட்லயே கெடக்க வேண்டியதுதான்."

இதைச் சொல்லும்போது அவள் தரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஆயா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

செப்டம்பர் தேர்வுக்கு எட்டு மாதம் இருந்தது. ஒரு விதவைப் பெண் என் வீட்டுக்கு வந்து படிப்பது இரண்டு ஊரிலும் பேச்சாகும் என்பதால் நோட்டு ஏற்பாடு செய்தேன். இரண்டு நோட்டுகள், ஒன்று நீல அட்டை, ஒன்று பழுப்பு அட்டை. வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் ஒன்று வரும். திருத்தி, திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அனுப்புவேன். ஒன்று என்னிடம் இருக்கும்போது மற்றதில் அவள் எழுத வேண்டும். வாரம் பத்து வாக்கியம், இடப்பக்கத்திலிருந்து ஐந்து வினை, வலப்பக்கத்திலிருந்து ஐந்து. புத்தகத்திலிருந்து பார்த்து எழுதக் கூடாது. மூன்று வாரம் நோட்டு வராவிட்டால் ஏற்பாடு ரத்து. நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கண்டக்டர் ஏகாம்பரம் நோட்டைக் கொண்டுவந்து கொடுக்கச் சம்மதித்தான். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி வாயுவில் ஓடிய பஸ் அது. நோட்டைத் தொட்டால் விரலில் கரி ஒட்டும்.

காகிதத்துக்குப் பஞ்சமான காலம். அவள் ஓரம் விடாமல் எழுதினாள். புள்ளி வைக்க ஓரம் வேண்டும் என்று எழுதினேன். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் ஓரத்தில் மடித்து, மடிப்புக்கு உள்ளேயே எழுதியிருந்தாள்.

முதல் மாதம் பத்துக்கு எட்டுப் புள்ளி. வாக்கியங்கள் எல்லாம் புத்தகத்து ராமனும் சீதாவும். சொந்தமாக எழுதும்படி மறுபடி குறிப்பு எழுதினேன். அதன்பின் கமலா என்று ஒருத்தி வந்தாள். கமலா சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதை ரசிக்கிறாள். கமலா பயிற்சிப் பள்ளிக்குப் போக விரும்புகிறாள். புள்ளி ஐந்தாகக் குறைந்தது.

பங்குனியில் வந்தவற்றை அப்படியே தமிழில் தருகிறேன். 'கமலாவின் கணவருடைய அண்ணன் அவள் படிப்பதை வெறுக்கிறார்.' 'கமலா பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறாள்.' 'அவர் அவளுடைய புத்தகங்களை எரிக்கப்போவதாக மிரட்டுகிறார்.' வெறுப்பதற்கு 'இங்', மறுப்பதற்கு 'டு', மிரட்டுவதற்கு 'டு'. மூன்றும் சரி. மூன்றுக்கும் சரிக்குறி போட்டேன்.

அது என்ன பத்திரம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. போர்க்காலத்தில் நூல் கிடைக்காமல், தறிக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கணவன் பங்குக்கு இரண்டு தறி இருந்தது. தறி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் நூல். இதையெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டேன்.

சித்திரையில் வந்தது: 'கமலா கிணற்றுக்குத் தனியாகப் போவதைத் தவிர்க்கிறாள்.' இதற்கும் சரிக்குறி. ஆனால் அந்த வாரம் பத்து வாக்கியத்துக்கும் கமலாவே எழுவாயாக இருந்தாள். தேர்வில் 'நான்', 'நாங்கள்' என்று எல்லா எழுவாயும் வரும். ஆகவே பக்கத்தின் அடியில் சிவப்பு மையில், 'எழுவாயை மாற்றி எழுதிப் பழகவும்' என்று குறித்துக் கையெழுத்திட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கமலா இல்லை. பத்திலும் 'நான்' இருந்தது. சொன்னதைச் செய்யும் மாணவி என்று நாட்குறிப்பில் எழுதினேன்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நோட்டை நீட்டியபோது ஏகாம்பரம், "டீச்சரம்மா வலது கைல துணி சுத்திகினு இருந்தாங்க சார். இன்னான்னு கேட்டா தறியில மாட்டிகிச்சுன்னாங்க. பள்ளிக்கூடத்துக்குப் போறவங்க எப்ப சார் தறில குந்துனாங்க?" என்றான். நான் நோட்டைத் திறந்து பார்த்தேன். எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, வரிக்குக் கீழே இறங்கியிருந்தது. 'கையெழுத்தில் கவனம் தேவை' என்று குறித்தேன். அந்தக் குறிப்பும் இந்த நோட்டில் இருக்கிறது.

ஆடி மாதத் தொடக்கத்தில் பழுப்பு நோட்டு வந்தது. பத்து வாக்கியம், ஒரு புள்ளி கூட இல்லை. முதல் முறை. இரண்டு தரம் சரிபார்த்து, அடியில் 'தவறு இல்லை. நன்று' என்று எழுதினேன். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. செப்டம்பரில் தேறிவிடுவாள் என்று மனைவியிடமும் சொன்னேன்.

திங்கட்கிழமை அந்த நோட்டை அனுப்ப முடியவில்லை. பஸ்ஸின் கரி அடுப்பு வெடித்து, வண்டி பழுது பார்க்கப் போயிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஆடிக் கிருத்திகை. ஊர் முழுக்கக் காவடி. எந்த வண்டியும் நேரத்துக்கு வராது என்று நானே எண்ணிக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் பஸ் இல்லை. மூன்றாம் வெள்ளிக்கிழமை பஸ் ஓடப்போவது தெரிந்தும், நோட்டு ஆள் மூலமாகவாவது வந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், நிபந்தனைப்படி ஏற்பாடு ரத்தாகும் என்று காலையில் அவளுக்கு ஒரு கார்டு எழுதித் தபாலில் போட்டேன். மாலை ஏகாம்பரம் வெறுங்கையோடு வந்தான். நோட்டு எங்கே என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

"எங்கேர்ந்து வரும் சார். டீச்சரம்மா பூட்டாங்க. கிருத்திகைக்கு முந்தின நாளு. கெணத்துல மெதந்தாங்களாம்."

எப்படி என்று கேட்டேன்.

"காத்தால தண்ணி எடுக்கப் போயி கால் வழுக்கிடிச்சுன்றாங்க."

"யார் சொல்றாங்க?"

"அவங்க பாவாதான், ஊட்டுக்காரரோட அண்ணன். எல்லாருகிட்டயும் அதையே சொல்லி அழுதுகினு இருந்தாரு."

அவன் போன பிறகு பழுப்பு நோட்டை எடுத்தேன். 'இங்'கும் 'டு'வும் சரிதானா என்று பார்க்காமல், என்ன எழுதியிருக்கிறது என்று முதல் முறையாகப் படித்தேன். 'நான் இருட்டுவதற்குள் தண்ணீர் எடுத்து முடிக்கிறேன்.' 'நான் சமைத்ததை மட்டும் சாப்பிட முடிவு செய்திருக்கிறேன்.' 'இரண்டு இரவாகத் தூங்குவதை நிறுத்திவிட்டேன்.' ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் சரிக்குறி. நிதானமாக, ஒரே அளவில் போட்ட குறிகள்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் பள்ளி. காலையில் தலைமையாசிரியரிடம் நோட்டைக் கொண்டுபோனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முதல் பக்கத்திலிருந்து படித்தார். முதல் மணி அடித்தது. நான் வகுப்புக்குப் போகவில்லை, அவரும் போகச் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பென்சிலை எடுத்தார். 'தவறு இல்லை. நன்று' என்று நான் எழுதியிருந்த வரிக்கு நேராக, ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். நோட்டை என் பக்கம் திருப்பவில்லை. கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். பிறகு முதல் புள்ளிக்குப் பக்கத்திலேயே இன்னொரு புள்ளி வைத்தார்.

"இது என்னோடது" என்றார்.

அவர் சொல்லித்தான் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் சுமாராகத் தெரியும். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"இதுல கமலான்னு இருக்கு. செத்துப்போனவங்க பேரு தனபாக்கியம்."

பின்னால் 'நான்' என்று இருப்பதைக் காட்டினேன். அவர் பக்கத்தைத் திருப்பி, சிவப்பு மையில் இருந்த என் குறிப்பின்மேல் விரலை வைத்தார்.

"'நான்'னு மாத்தி எழுதச் சொன்னது நீங்கதானே சார்? உங்க கையெழுத்து இருக்கே."

ஆமாம் என்றேன்.

"படிக்கச்சொல்ல இதெல்லாம் நெஜம்னு உங்களுக்குத் தோணுச்சுங்களா?"

தோன்றவில்லை என்றேன்.

"படிச்சவங்க, உங்களுக்கே தோணல. கோர்ட்டுல போயி நான் இன்னான்னு சொல்றது?"

எரியூட்டி இரண்டு வாரம் ஆகிவிட்டதையும், கால் வழுக்கி இறந்ததாகப் பஞ்சாயத்தார் கையெழுத்திட்டதையும் சொன்னார். குத்திக்காட்டும்படி சொல்லவில்லை. நோட்டை மூடப்போனவர், கடைசிப் பக்கத்தில் நின்றார். பத்தாவது வாக்கியம். 'ஹோப்' என்ற வினைக்கு அவள் எழுதியது. அதை மட்டும் வாய்விட்டு, மெதுவாகப் படித்தார். 'ஐயா, தங்களிடமிருந்து பதில் வரும் என்று நம்புகிறேன்.'

"இது யாருக்கு எழுதினது சார்?"

"எனக்கு."

"பதில் போட்டீங்களா?"

வாக்கியத்தின் பக்கத்தில் இருந்த சரிக்குறியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவளை யாராவது கிணற்றில் தள்ளினார்களா என்பது எனக்குத் தெரியாது. கால் வழுக்கியும் இருக்கலாம். தானே இறங்கியும் இருக்கலாம். தெரியாததை எழுதுவதில்லை என்பது என் வழக்கம். அந்த வருட முடிவில் இரண்டு தறியும் அண்ணன் பெயருக்கு மாறின என்று ஏகாம்பரம் சொன்னான். செப்டம்பர் தேர்வு எங்கள் பள்ளியில்தான் நடந்தது. ஆங்கிலத் தாளன்று மேற்பார்வை எனக்கு. விதிப்படி ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட வேண்டும். அவளுடைய எண்ணைக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் கழித்து, விதிப்படி, 'வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, எந்த நோட்டையும் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒருமுறை படித்த பிறகுதான் திருத்தினேன். பெரும்பாலும் ராமன் பழம்தான் தின்றுகொண்டிருந்தான். இரண்டு முறை அப்படி இல்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் அன்றைக்கே நடந்து போனேன்.

இளம் ஆசிரியருக்கு: நீங்கள் கேட்ட காலி இடத்துக்கு ஒரு வாக்கியம் இருக்கிறது. அதில் ஒரு தவறும் கிடையாது. அதை உதாரணமாகக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. வேறொன்றை எழுதலாம் என்று பட்டியலைப் பிரதி எடுக்கும்போதெல்லாம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதுவும் வரவில்லை.